தினம் 60 கிலோ தோல், காம்பு, கோது: வத்தல் கூடத்துக் கழிவை என்ன செய்யலாம்?

பள்ளத்தூர் வத்தல்கடை | பிப்ரவரி 18, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பள்ளத்தூரில் வத்தல், வடகம், ஊறுகாய் போட்டு விற்கிறோம். என்னோடு 11 பெண்கள் வேலை செய்கிறார்கள். மாசி பிறந்து வெயில் ஏறிவிட்டால் ஒரு நாளைக்கு 60 கிலோ கழிவு விழுகிறது. சின்ன வெங்காயத் தோல், வாழைக்காய்த் தோல், வெள்ளைப் பூசணிக் குடல், கத்தரிக்காய்க் காம்பு, பிழிந்த எலுமிச்சை, புளிக் கோது எல்லாம் ஒரே அண்டாவில் போகும். ஒருவர் பன்றிக்கென்று வந்து அள்ளிக்கொண்டு போவார். தை மாதத்திலேயே அவர் நின்றுவிட்டார். கொல்லையில் வெட்டிய குழி பத்தே நாளில் நிரம்பிவிட்டது. வாடை வேறு. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து பங்காளி கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்கள். நேற்றுக் காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டே நலம் விசாரித்தார்கள். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

செம்மண் காட்டான் | பிப்ரவரி 18, இரவு 10.15

அக்கா, குழியில் வெறும் காய்த்தோலை மட்டும் கொட்டினால் நாறத்தான் செய்யும். அது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். காற்றுப் போக வழியில்லாமல் கூழாகி அழுகிப்போகும். கூடவே காய்ந்த சரக்கு வேண்டும்: சருகு, வைக்கோல், கடலைத் தோல், நார்க்கழிவு. சிங்கம்புணரிப் பக்கம் கயிறு திரிக்கிற இடங்களில் நார்க்கழிவு கிடைக்கும். மட்கு உரத்துக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து 1 பங்கு என்று கணக்குச் சொல்வார்கள். கையால் பார்ப்பதென்றால், ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் சருகு போடுங்கள்.

மண்புழுத் தொட்டி ஆசை இருந்தால் வெங்காயம், மிளகாய், எலுமிச்சை மூன்றையும் அதற்குள் விடாதீர்கள். புழு ஓடிவிடும் அல்லது செத்துவிடும். ஊறுகாய் உப்பு பட்ட எதையும் எந்தக் குழியிலும் போடாதீர்கள். நான் ஒரு வருடம் தெரியாமல் போட்டு, கல்லல் பக்கத்தில் ஒரு பாத்தி முழுக்கக் கத்தரி நாற்றைக் கருகவிட்டவன்.

பசுமை விரும்பி | பிப்ரவரி 19, காலை 7.02

எல்லாவற்றையும் பயோ என்சைம் ஆக்கிவிடுங்கள். 1 பங்கு வெல்லம், 3 பங்கு தோல், 10 பங்கு தண்ணீர். மூன்று மாதத்தில் தரை துடைக்க, பாத்திரம் கழுவ, செடிக்கு ஊற்ற, எல்லாவற்றுக்கும் ஆகும். ஓசோன் படலத்துக்கும் நல்லதாம்!

ஓய்வு வாத்தியார், தேவகோட்டை | பிப்ரவரி 19, காலை 11.30

பசுமை விரும்பி தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. 60 கிலோ தோலுக்கு உங்கள் கணக்குப்படி தினம் 20 கிலோ வெல்லமும் 200 லிட்டர் தண்ணீரும் வேண்டும். 90 நாள் ஊற வேண்டுமென்றால் 18,000 லிட்டர் கொள்ளும் டிரம்கள் வரிசையாக நிற்க வேண்டும். வெல்லக் கடைக்காரருக்கு மட்டும் நல்ல வியாபாரம். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் என்கிற உரிமையில் இன்னொன்றும் சொல்கிறேன்: அதில் வேலை செய்வது பெரும்பாலும் காடி, அதாவது வினிகரின் அமிலம்தான். வீட்டில் நாலு எலுமிச்சைத் தோலுக்குச் சரி. ஓசோனை அதன்பாட்டுக்கு விட்டுவிடுவோம்.

வத்தல்கடை அம்மா, நீங்கள் சொன்னதில் எனக்கு உறுத்தியது 60 கிலோ அல்ல, "ஒரே அண்டா" என்ற சொல்தான். அண்டாவில் விழும்வரை அது வெங்காயச் சருகு, வாழைக்காய்த் தோல், பூசணிக் குடல். விழுந்த பிறகு அத்தனையும் ஒரே நாற்றம். ஏழெட்டு வாளி வாங்கி, ஒரு வாரம் தனித்தனியாகப் போட்டு நிறுத்துப் பாருங்கள். எது எவ்வளவு என்று எழுதுங்கள். அதற்கு முன்னால் யார் சொல்வதையும் கேட்டுச் செலவு செய்யாதீர்கள், நான் சொல்வது உட்பட.

மூன்றாங்கட்டு ஆச்சி | பிப்ரவரி 19, மாலை 4.48

வாழைக்காய்த் தோலைக் கழிவு என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அதைத் தூர எறிந்தால் மாமியார் ஒரு வாரம் பேச மாட்டார்கள். மெல்லிசாகச் சீவி, கருக்காமல் இருக்க மோர்த்தண்ணீரில் போட்டு, பொடியாக நறுக்கித் தட்டைப்பயறோடு பொரியல் வைப்போம். பீர்க்கங்காய்த் தோல் என்றால் துவையல். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் வெண்டைக்காய் மண்டி வைக்கிற ஊர் இது. களைந்த தண்ணீருக்கே ஒரு குழம்பு கண்டுபிடித்தவர்களுக்குத் தோலை என்ன செய்வதென்று தெரியாதா?

கோவிலூர் சிப்ஸ் | பிப்ரவரி 19, இரவு 8.20

ஆச்சி, ஒரு வாழைக்காய்க்குப் பொரியல் வைக்கலாம். அவர்களுக்குத் தினம் ஒரு கூடை நிறைய விழுகிறதே. 11 பேரும் பொரியலே சாப்பிட்டால் வேலையை விட்டு ஓடிவிடுவார்கள்.

பள்ளத்தூர் வத்தல்கடை | பிப்ரவரி 27, இரவு 9.05

வாத்தியார் ஐயா சொன்னபடி எட்டு வாளி. முதல் இரண்டு நாள் பெண்களுக்கு எரிச்சல், மூன்றாம் நாளிலிருந்து பழகிவிட்டது. ஒரு நாள் சராசரி இது: வாழைக்காய்த் தோல் 16 கிலோ, பூசணித் தோலும் குடலும் 14, வெங்காயச் சருகு 9, கத்தரி, சுண்டைக்காய், கொத்தவரங்காய்க் காம்புகள் 8, எலுமிச்சைச் சக்கை 4, புளிக் கோதும் கொட்டையும் 3, பூண்டுச் சருகு ஒன்றரை. கடைசி வாளிதான் தலைவலி. மோர்மிளகாய் ஊறவைத்த மோரில் மிஞ்சியது, ஊறுகாய் உப்புத்தண்ணீர் எல்லாம் சேர்ந்து 5 கிலோ.

தனியாக வைத்ததில் ஒன்று தெரிந்தது. வெங்காயச் சருகு வாளி ஏழு நாளும் நாறவே இல்லை. நாறியது பூசணிக் குடல்தான். அது தொட்டதெல்லாம் நாறியிருக்கிறது.

ஆறாவயல் ஆட்டுக்காரன் | பிப்ரவரி 27, இரவு 9.31

வாழைக்காய்த் தோல் 16 கிலோவும் எனக்கு. காலையில் ஆறு மணிக்கு வண்டியோடு வந்துவிடுகிறேன். 22 உருப்படி நிற்கிறது. வெங்காயத் தோலும் கொடுத்தால் மாட்டுக்குப் போடுவேன்.

ஓய்வு வாத்தியார், தேவகோட்டை | பிப்ரவரி 27, இரவு 10.10

தம்பி, வாழைக்காய்த் தோல் எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் வேண்டாம். வெங்காயத்தில் இருக்கும் கந்தகப் பொருள் மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சோகை பிடித்து மூத்திரம் சிவப்பாகப் போகும். ஆடு கொஞ்சம் தாங்கும், மாடு தாங்காது. முளைத்த உருளைக்கிழங்கும் பச்சை பூத்த தோலும் அப்படித்தான் ஆகாது. முட்டைக்கோஸ் இலையைக் கட்டுக்கட்டாகப் போட்டால் வயிறு உப்பும்.

அழகப்பாபுரம் மாணவன் | பிப்ரவரி 28, நள்ளிரவு 12.15

ஐயா, கலிபோர்னியாவில் ஆக்ஸ்நார்டு என்ற ஊரில் கில்ஸ் ஆனியன்ஸ் என்ற நிறுவனம் வெங்காயக் கழிவைப் பிழிந்து, சாற்றிலிருந்து வாயு எடுத்து, எரிபொருள் கலத்தில் (வாயுவை எரிக்காமல் மின்வேதியியல் முறையில் மின்சாரமாக்கும் கருவி) விட்டு மின்சாரம் எடுத்தது. 2009ல் தொடங்கினார்கள். 300 கிலோவாட் கலம் இரண்டு. பிழிந்த சக்கையை மாட்டுத் தீவனமாக விற்றார்கள் என்றும் படித்தேன். அப்படியென்றால் மாடு சாப்பிடுகிறதே?

ஓய்வு வாத்தியார், தேவகோட்டை | பிப்ரவரி 28, காலை 6.50

நல்ல கேள்வி. அங்கே சாறு போன சக்கை, கணக்குப் பார்த்துக் கலக்கும் தீவனத்தில் ஒரு சின்னப் பங்கு. இங்கே நம் ஆட்கள் ஒரு சாக்கை அவிழ்த்து மாட்டின் முன் கொட்டிவிடுவார்கள். மாட்டுக்கும் வேறு தீவனம் இருக்காது. வித்தியாசம் அதுதான். அரைகுறையாக இறங்குவதைவிட வேண்டாம் என்பது நல்லது.

எரிபொருள் கலம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. காரைக்குடியில் சிக்ரி ஆய்வகம் வந்தது 1948ல் நேரு அடிக்கல் நாட்டி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மின்வேதியியலுக்கென்றே ஒரு ஆய்வகம் வாசலில் இருக்க, நாம் ஆக்ஸ்நார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். சரி, பூசணிக் குடலுக்கு வருவோம்.

பூசணி 14, காம்பு 8, ஆக 22 கிலோ. சாண எரிவாயுக் கலன் மாதிரியே காய்கறிக்கும் கலன் வைக்கலாம். ஐதராபாத் போயன்பள்ளிச் சந்தையில் ஒரு நாளைக்கு 10 டன் காய்கறிக் கழிவு போட்டுச் சுமார் 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிபொருளும் எடுக்கிறார்கள். புனேயில் ஆர்த்தி என்ற அமைப்பு இதையே வீட்டளவுக்குக் குறைத்தது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, மேல் தொட்டி வாயு சேரச் சேர எழும்பும். அதற்கு 2006ல் பசுமை ஆற்றலுக்கான ஆஷ்டன் விருது கிடைத்தது.

உங்கள் 22 கிலோவில் உலர்ந்த சத்து ஏறக்குறைய இரண்டு கிலோதான். மீதி தண்ணீர். சோறு, கஞ்சி மிச்சமும் சேர்த்தால் நாளுக்கு ஒரு கன மீட்டர் வாயு எதிர்பார்க்கலாம். அது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான சிலிண்டர் வாயுவுக்குச் சமம். ஒன்றரை மாதத்துக்கு ஒரு 19 கிலோ சிலிண்டர் மிச்சம் என்று வையுங்கள். பணக்காரர் ஆக மாட்டீர்கள், வாடை போகும்.

கண்டாங்கி நெசவு | பிப்ரவரி 28, மாலை 5.25

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. வெங்காயச் சருகு 9 கிலோ என்று பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, அதைக் குழியிலும் போடாதீர்கள், யாருக்கும் சும்மாவும் கொடுக்காதீர்கள். அது சாயம்.

செய்முறை பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் நூலை நன்றாக அலசிக் கஞ்சி போக்கிவிட வேண்டும். பருத்தி நேராகச் சாயம் பிடிக்காது, அதனால் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைப்போம். அப்புறம் படிகாரம், நூல் எடையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு. சருகு நூல் எடைக்குச் சமம். முக்கால் மணி நேரம் கொதித்தால் தண்ணீர் கட்டன் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். வடிகட்டி, நூலைப் போட்டு, அடுப்பைச் சிறுக்கவிட்டுப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய வெங்காயத் தோல் பொன் மஞ்சள் தரும். சின்ன வெங்காயத்தில் செம்பு கலந்த ஒரு பழுப்பு வரும், ஆத்தங்குடித் தரைக்கல்லில் பழைய அரக்குக் கட்டம் வெயில் பட்டு மங்கினால் இருக்குமே, அது மாதிரி. அதே நூலை இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிய கரைசலில் ஒரு முக்கு முக்கினால் பாசிப்பச்சைக்குத் திரும்பிவிடும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். வெயிலுக்கு நிற்காது. மாடியில் நாலு மணி நேரம் காயப்போட்டுவிட்டு வந்து என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது. பட்டிலும் கம்பளியிலும் பிடிக்கிற அளவு பருத்தியில் பிடிக்காது. அதனால் நான் புடவை உடலுக்கு இதைப் பயன்படுத்துவதில்லை. துண்டு, பை, மேசைவிரிப்பு, இவற்றுக்குத்தான். சாயத் தண்ணீரைக் கொட்டினால் தோட்டத்துக்கு ஆகாது என்பதில்லை, ஆனால் படிகாரத் தண்ணீரை ஒரே இடத்தில் தினம் கொட்டாதீர்கள்.

ஈரம் இல்லாமல், பூண்டு கலக்காமல், மண் இல்லாமல் கொடுத்தால் விலை போட்டே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பிரச்சினை, ஒரு சாக்கு அமுக்கி அடைத்தாலும் நாலைந்து கிலோ தாண்டாது. எடை இல்லை, இடம்தான். பேருந்தில் ஏற்ற நடத்துநர் விட மாட்டார்.

பள்ளத்தூர் வத்தல்கடை | பிப்ரவரி 28, இரவு 9.50

பூண்டு கலக்காமல் என்பது எங்களால் முடியும், இரண்டும் வேறு திண்ணையில் நடக்கிறது. வாரம் ஒரு முறை எங்கள் வண்டி காரைக்குடிக்கு வரும், அதில் மேலே கட்டி அனுப்புகிறேன்.

அழகப்பாபுரம் மாணவன் | மார்ச் 1, காலை 11.40

யாரும் உயிரி நெகிழியைப் பற்றிப் பேசவில்லையே? உருளைக்கிழங்குத் தோலில் இருக்கும் மாவுச்சத்தோடு கிளிசரினும் கொஞ்சம் வினிகரும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் மெல்லிய தாள் கிடைக்கிறது. ஆய்வகத்தில் செய்து பார்த்தோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குத் தடை இருக்கிறது. வத்தல் பாக்கெட்டையே அதில் போடலாம்.

கோவிலூர் சிப்ஸ் | மார்ச் 1, மதியம் 2.10

தம்பி, அந்தத் தாளில் நானும் ஆசைப்பட்டேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி அழகாக இருந்தது. வத்தலைப் போட்டுக் கட்டி வைத்தேன். ஐப்பசி மழையில் தாள் நமுத்து, உள்ளே இருந்த வத்தலும் நமுத்துவிட்டது. கிளிசரினைக் குறைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. காற்றின் ஈரத்தைக் குடிக்கிற பொருளை வைத்து, ஈரம் படக் கூடாத பண்டத்தைப் பொதிய முடியாது. நாற்றுப் பைக்கு வேண்டுமானால் பாருங்கள், அங்கே கரைந்துபோவதே நல்லது.

ஆனால் மாவுச்சத்து என்றீர்களே, அது தோலைவிடச் சீவிய வில்லையை அலசுகிற தண்ணீரில்தான் இருக்கிறது. ராத்திரி ஒரு டிரம் தண்ணீரை அசைக்காமல் விட்டால் காலையில் அடியில் வெள்ளையாக, விரலால் அழுத்தினால் கறுக்முறுக்கென்று ஒரு படிவு நிற்கும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு வெயிலில் காயவைப்பேன். வேட்டிக்கும் புடவைக்கும் கஞ்சி போடுகிறவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதற்கு ஆய்வகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அழகப்பாபுரம் மாணவன் | மார்ச் 1, மதியம் 2.35

நாற்றுப் பை யோசனையை எடுத்துக்கொள்கிறேன் அண்ணே.

மூன்றாங்கட்டு ஆச்சி | மார்ச் 2, காலை 10.05

புளிக்கொட்டையை யாரும் தொடவில்லை. வருடப் புளி தட்டும்போது கொட்டையைச் சேர்த்து வைத்தால் முன்பெல்லாம் வாசலுக்கே வந்து எடுப்பார்கள். மேல்தோலை நீக்கி மாவாக்கி நூலுக்குப் பசை போடப் போகும் என்பார்கள். கோது அடுப்பெரிக்க ஆகும், பித்தளை விளக்கவும் ஆகும்.

அப்புறம் அந்த ஐந்து கிலோ வாளி. மோர்மிளகாயில் மோர் எப்படி மிஞ்சும்? ராத்திரி ஊறவைத்துக் காலையில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் போட வேண்டும். சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். நாலைந்து நாளில் மிளகாய் அத்தனை மோரையும் குடித்துவிடும், சட்டி காய்ந்துவிடும். மிஞ்சுகிறதென்றால் ஒரே நாளில் ஊறவைத்துவிட்டு எடுத்து உலர்த்தும் பெட்டிக்குள் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம்.

பள்ளத்தூர் வத்தல்கடை | மார்ச் 2, காலை 10.30

ஆச்சி, கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். சூரிய உலர்த்தி வாங்கியதிலிருந்து அப்படித்தான் செய்கிறோம்.

பள்ளத்தூர் வத்தல்கடை | ஜூன் 14, இரவு 8.55

இதுவரை நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்.

ஆட்டுக்காரத் தம்பி ஒரு நாளும் தவறாமல் வருகிறார். வெங்காயச் சருகு சாக்குச் சாக்காகப் போயிருக்கிறது. வந்த பணம் வண்டி டீசலுக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான். ஆனால் சருகைப் புடைத்துக் கட்டுகிற இரண்டு பெண்களுக்கு அதைத் தனியாகக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் இப்போது வெங்காயம் உரிக்கும் இடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

எரிவாயுக் கலன் பங்குனியில் வைத்தோம், 3,000 லிட்டர் தொட்டி. முதலில் சாணத்தையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கரைத்து நிரப்பி மூன்று வாரம் காத்திருந்தோம். முதலில் வந்த வாயு எரியவில்லை, அது அப்படித்தான் என்று வாத்தியார் ஐயா முன்பே சொல்லியிருந்தார். பிறகு நீல நிறத்தில் பிடித்தது. அன்றைக்குக் காபி போட்டுக் குடித்தோம். இங்கேதான் புத்தி கெட்டுப்போனது. நன்றாக எரிகிறதே என்று ஒரே நாளில் 40 கிலோ பூசணியும், கூடவே எலுமிச்சைச் சக்கையும் தள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் மேல் தொட்டி எழும்பவே இல்லை. திறந்தால் புளித்த கள் வாடை. ஐயாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அமிலம் கட்டிக்கொண்டது, வயிற்றுக்குப் பத்தியம் போடுவது மாதிரிப் போடுங்கள்" என்றார். பத்து நாள் ஒன்றும் போடவில்லை. பழைய சாணக் கரைசல் நாலு வாளி, சுண்ணாம்புத் தெளிவு கொஞ்சம் கொஞ்சமாக. பதினோராம் நாள் தொட்டி ஒரு சாண் ஏறியது. இப்போது பூசணியைக் கூழாக அரைத்து 5 கிலோவில் தொடங்கி 20க்கு வந்திருக்கிறேன். எலுமிச்சை உள்ளே போவதில்லை. அதை வெயிலில் உலர்த்தி இலைச் சருகோடு சேர்த்து மட்குக் குழிக்கு அனுப்புகிறோம்.

கரைக்கக் குழாய்த் தண்ணீர் எடுப்பதில்லை, காய் அலம்பிய தண்ணீர்தான். பங்குனி சித்திரையில் இந்த ஊரில் தண்ணீர் என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். கலனிலிருந்து வெளியே வருகிற கரைசல் முருங்கைக்கும் வாழைக்கும் போகிறது. வாழை புதிதாக வைத்தது, நாலு குருத்து விட்டிருக்கிறது.

மோர்மிளகாயை ஆச்சி சொன்ன மாதிரியே மாற்றினோம். ஐந்து நாள் ஆகிறது, உலர்த்தி பாதி நாள் சும்மா நிற்கிறது. மோர் வாளி காலி. வாங்குகிறவர்கள் காரம் உள்ளே இறங்கியிருக்கிறது என்கிறார்கள். ஊறுகாய் உப்புத்தண்ணீர்தான் இன்னும் தீரவில்லை. அகலத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் உப்பு திரும்பக் கிடைக்கிறது, ஆனால் காரமும் எண்ணெயும் ஏறிய அழுக்கு உப்பு. மறு ஊறுகாயில் போட மனசு வரவில்லை.

செம்மண் காட்டான் | ஜூன் 14, இரவு 9.20

அக்கா, அந்த உப்பைத் தென்னைக்குப் போடலாம். தென்னைக்கு உப்பு வைக்கிற வழக்கம் உண்டு, ஒரு மரத்துக்கு வருடத்தில் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எண்ணெய் இருக்கிறது என்பதுதான் யோசனை. எவ்வளவு சேர்ந்திருக்கிறது?

பள்ளத்தூர் வத்தல்கடை | ஜூன் 14, இரவு 9.26

ஒரு சாக்கில் முக்கால். எண்ணெய் மேலாக மிதக்கும்போதே துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் காயவைத்தால்?

செம்மண் காட்டான் | ஜூன் 14, இரவு 9.41

ஒரு தட்டு மட்டும் அப்படிச் செய்து கொடுத்துவிடுங்கள். வேலியோரம் காய்க்காத மரம் ஒன்று நிற்கிறது, அதில் போட்டுப் பார்க்கிறேன்.